புறக்கோட்டையில் நான் இடம் பிடித்த பஸ்

அன்றைக்குக் கொழும்பு புறக்கோட்டை பஸ் நிலையத்தில் நானும் என் அம்மாவும் மட்டும்தான் இருந்தோம். அப்பா இல்லை. இரண்டு எருமைகளை அடுத்தவரிடம் விட்டுவிட்டு வர மாட்டேன் என்று ஊரிலேயே இருந்துவிட்டார். கூட வந்திருக்க வேண்டிய மாமாவும் இல்லை. அவருக்குப் பாஸ்போர்ட் வந்து சேரவில்லை. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத இடத்தில் முருகன் இருந்தான். நம் கிருத்திகைக் குழு அன்பர்களுக்கு அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வலிப்பு நோய் உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரியும். 2000-ஆம் வருடம் ஆரம்பித்தது. களத்தில் நிற்கும்போது விழுவாள். அடுப்படியில் விழுவாள். ஒருநாள் கிணற்றடியில் விழுந்து, இன்னும் ஒரு முழம் தள்ளியிருந்தால் உள்ளேயே போயிருப்பாள். மதுரை பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்திருந்தோம். பத்தாம் நாள் அம்மா கண் விழித்து, அப்பாவிடம் முதலில் சொன்னது இதுதான்.

"கதிர்காமத்துக்கு நடந்தே வாரேன்னு முருகன்ட்ட நேந்துக்கிட்டேன்."

அப்பா கேட்டார். "கதிர்காமம் எங்க இருக்குன்னு தெரியுமா ஒனக்கு?"

"திருச்செந்தூருக்கு அங்கிட்டுத்தான?"

"அங்கிட்டுத்தான். நடுவுல கடல் கெடக்கு."

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. கோயிலில் பாடும்போது பழனி, செந்தூர், கதிர்காமம் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாள். அதனால் எல்லாம் ஒரே பாதையில் இருக்கிற ஊர்கள் என்று நினைத்துவிட்டாள். கதிர்காமம் இலங்கையில் இருக்கிறது என்று சொன்னதும் அழுதாள். வேறு கோயிலுக்கு மாற்றி நேர்ந்துகொள்ளலாம் என்று மாமா சொல்லிப் பார்த்தார். "சாமிட்ட குடுத்த வாக்கு என்ன ரேசன் கார்டா, பேரு மாத்தறதுக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

டாக்டர் தந்த மாத்திரையில் நோய் கட்டுக்குள் வந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு தடவைகூட விழவில்லை. ஆனால் நேர்ச்சை தீராமல் அவளுக்கு நிம்மதி இல்லை. எனக்கு ஒரு பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டெண்ட் வேலை கிடைத்து, காளவாசலில் அறை எடுத்துத் தங்கிய பிறகு, போய்விட்டே வருவது என்று முடிவு செய்தோம். இலங்கையில் அப்போது சண்டை நிறுத்தம் இருந்தது. 2003 ஆடி மாதம், கதிர்காமத் திருவிழா சமயம் கிளம்பினோம்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். இங்கிலீஷ் தெரிந்தவன் எங்கும் போய் வந்துவிடுவான் என்று வீட்டில் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், விமானத்தில் ஏறும்போது என் மனதில் முருகன் கால்வாசிதான். மீதி முக்கால்வாசியும் நான்தான்.

டாக்டர் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். மாத்திரையை ஒருவேளைகூட விடக் கூடாது. இத்தனை வருடம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாக வரும், உயிருக்கே ஆபத்து என்றார். பத்து நாளுக்கான மாத்திரையை அம்மாவின் மஞ்சள் பையில் வைத்தோம். பாஸ்போர்ட்டுகள், திரும்பி வருகிற விமான டிக்கெட்டுகள், ஒரு சேலை, புளியோதரைப் பொட்டலம், விபூதி எல்லாம் அதே பையில்தான். பெட்டியைத் திருடுவார்கள், பழைய மஞ்சள் பையை எவனும் திருட மாட்டான் என்பது அம்மாவின் கணக்கு.

இன்னொன்றும் அந்தப் பைக்குள் போனது. சந்நிதியில் விளக்குப் போட எங்கள் எருமை நெய்யை ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, மூடி திறக்காமல் இருக்க அப்பா கட்டுக்கம்பியால் சுற்றிச் சுற்றி முறுக்கியிருந்தார். திருச்சியில் அதைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினோம். கொழும்பில் இறங்கியதும் வெயிலைப் பார்த்து, நெய் உருகித் துணியெல்லாம் பாழாகிவிடும் என்று அம்மா தூக்கை மஞ்சள் பைக்கு மாற்றினாள். கம்பியின் நுனி இரண்டும் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

விமான நிலையத்திலிருந்து டவுன் பஸ் பிடித்துப் புறக்கோட்டைக்கு வந்தபோது பகல் பன்னிரண்டு மணி. கதிர்காமம் பஸ் நிற்கிற இடத்தில் திருவிழாக் கூட்டம். வெள்ளை உடுத்திய சிங்களக் குடும்பங்கள், தமிழ்க் குடும்பங்கள், கைக்குழந்தைகள், மூட்டைகள். எட்டு மணி நேரப் பயணம். அம்மா நின்றுகொண்டு வர முடியாது. அவளைத் தள்ளி ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பையை மட்டும் வாங்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

பஸ் வந்தது. நிற்பதற்கு முன்பே ஜனம் ஓடியது. அப்போது நான் செய்ததை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் திண்டுக்கல் பஸ் வந்தால் நாம் என்ன செய்வோம்? ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவோம். துண்டு கிடக்கிற இடம் துண்டுக்காரனுக்கு. அதன் பிறகு நிதானமாகச் சுற்றி வந்து ஏறுவோம். என் கையில் துண்டு இல்லை. மஞ்சள் பை இருந்தது. எம்பி, திறந்திருந்த ஜன்னல் வழியாக மூன்றாவது சீட்டில் அதைப் போட்டேன். சரியாக விழுந்தது. மனதுக்குள் சந்தோஷம்கூட. அப்புறம் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி, அம்மாவைக் கூட்டி வர நிதானமாக நடந்தேன்.

நான்கு எட்டு வைத்திருப்பேன். பின்னால் ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

திரும்பிப் பார்த்தால், ஏறியவர்கள் எல்லாம் வாசல் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் குதிக்கிறார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடுகிறாள். என்னவோ ஏதோ என்று நானும் பயந்துபோய் நின்றேன். யாரோ என்னைக் கை நீட்டிக் காட்டியபோதுதான் விளங்கியது. ஒரு வாலிபன் வந்தான். கம்பி நீட்டிக்கொண்டிருந்த பையை ஜன்னல் வழியாக எறிந்தான். ஏறாமல் நடந்து போய்விட்டான். அவர்கள் பார்த்தது இவ்வளவுதான்.

அவர்கள் பயந்ததில் ஒரு தப்பும் இல்லை. பஸ்ஸில் கிடந்த பை வெடித்துச் செத்துப்போனவர்கள் அந்த ஊரில் உண்டு. செத்தவர்களின் வீட்டார்கூட அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கலாம்.

நாலைந்து பேர் என்னைப் பிடித்தார்கள். சட்டை கிழிந்தது. துப்பாக்கியோடு காவலர்கள் வந்து என்னை மீட்டு, தரையில் உட்கார வைத்து, கையைத் தலைக்குப் பின்னால் கட்டச் சொன்னார்கள். அதிகாரி ஒருவர் சிங்களத்தில் கேட்டார். பிறகு இங்கிலீஷில் கேட்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் அல்லவா? ஒரு வார்த்தை வரவில்லை. "பேக்... மை பேக்..." என்றேன். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. பதினைந்து வருடப் படிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

அம்மா ஓடி வந்தாள். "அய்யா, அது எங்க பை. அதுல எம் மாத்தரை இருக்கு. எம் மகன் படிச்ச புள்ளய்யா" என்று தமிழில் அழுதாள். தமிழைக் கேட்டதும் சுற்றி நின்ற முகங்கள் இன்னும் இறுகின. கூட்டத்தில் இருந்த தமிழர்கள், சந்தேகம் தங்கள் மேலும் திரும்புமோ என்று பயந்து ஒதுங்கினார்கள். அவளைத் தொலைவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பஸ்ஸைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பையைக் கையால் தொடாமல் அப்படியே வெடிக்க வைக்கிற ஆட்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் பை திரும்ப வராது என்பது மட்டும் அப்போதே தெரிந்துவிட்டது. பாஸ்போர்ட் போகும், டிக்கெட் போகும், அவற்றைவிட அம்மாவின் மாத்திரை போகும். இரண்டு மணிக்கு அவள் மாத்திரை சாப்பிட வேண்டும். என்னைச் சிறையில் போட்டால், மொழி தெரியாத ஊரில் அவள் எங்கே விழுவாள், யார் தூக்குவார்கள்?

கவசம் மனப்பாடமாகத் தெரிந்தவன் நான். ஒரு அடிகூட ஞாபகம் வரவில்லை. கண்ணை மூடி ஒன்றே ஒன்று கேட்டேன்.

"முருகா, என் வாய் அடைச்சுப்போச்சு. எனக்காகப் பேச யாரையாச்சும் அனுப்பு."

அவ்வளவுதான் என் பிரார்த்தனை. கண்ணைத் திறந்தபோது கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவர் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். தலையில் தொப்பி, தோளில் ஒரு துணிக்கட்டு.

"தம்பி, இந்தியாவா?"

தலையாட்டினேன்.

"இந்தியாவில எவடம்?"

"மதுரை. காளவாசல்."

அவர் பஸ்ஸைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம், அந்த நேரத்திலே அன்பர்களே, அவர் சிரித்தார்.

"எடம் புடிச்சீங்களா?"

நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

அவர் பெயர் ஹனீபா. அண்ணன் முறையில் அங்கே முஸ்லிம்களை நானா என்று கூப்பிடுகிறார்கள். புறக்கோட்டையில் துணி வியாபாரம். சுங்குடிச் சேலை எடுக்க மதுரைக்கும், பனியன் எடுக்கத் திருப்பூருக்கும் வருடம் இரண்டு தடவை வருகிறவர். ஒருமுறை ஆரப்பாளையத்தில் திருப்பூர் பஸ் ஏறி, காலியாக இருந்த சீட்டில் கிடந்த துண்டை யாரோ மறந்துவிட்டார்கள் என்று எடுத்துக் கம்பியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். "அதுக்குப் பொறகு ஒரு ஆள் வந்து என்னை எழுப்பினான் பாருங்க. தாராபுரம் வரைக்கும் நின்டுக்கிட்டே போனேன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அதையேதான் அப்போது அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னார். சொன்னார் என்பதைவிட நடித்துக் காட்டினார். தோளில் இருந்து கற்பனைத் துண்டை எடுத்து வீசினார். மீசையை முறுக்கிக்கொண்டு சுற்றி வந்து ஏறினார். கோபமாக யாரையோ எழுப்பினார். பாவமாக நின்றுகொண்டு ஆடி ஆடிப் போனார். கூட்டத்தில் ஒரு பக்கம் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் கேட்டார்.

"அந்தக் கம்பி என்னான்டு கேக்குறாரு தம்பி."

"எங்கப்பா கட்டுனது நானா. தூக்குல நெய் இருக்கு."

"நெய்யா?"

"சாமிக்கு வெளக்குப் போட. எங்க எருமை நெய்."

அவர் அதைச் சொன்னார். அதிகாரி வெகுநேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். நானா என் பக்கம் திரும்பினார். "ஆக்கள் வந்தா பைய வெடிக்க வெச்சிருவாங்க. அதுக்கு முந்தி நீங்களே போய்த் திறந்து ஒவ்வொரு சாமானாக் காட்டுங்க எண்டு சொல்றாரு. செய்வீங்களா?"

"செய்றேன்."

"வாங்க. நானும் வாறேன்."

அதிகாரி அவரைத் தடுத்தார். நானா அவர் கையை மெதுவாக விலக்கிவிட்டு என்னோடு நடந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. துண்டு போடுகிற ஊர்க்காரன் என்பதைத் தவிர என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். கூட வந்தார்.

பஸ் காலியாக இருந்தது. தரையெல்லாம் அவசரத்தில் விட்டுப்போன செருப்புகள். மூன்றாவது சீட்டில் பை சாய்ந்து கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வழியே உயர்த்திக் காட்டினேன். சேலை. மாத்திரை அட்டைகள். பாஸ்போர்ட். புளியோதரை. விபூதி. கடைசியில் தூக்கு. வெளியே துப்பாக்கிகள் நிமிர்ந்தன.

அப்பா கட்டின கட்டு இருக்கிறதே, எருமை இழுத்தாலும் அவிழாது. நான் இழுத்துப் பார்த்தேன். கம்பி வழுக்கியது. நானா இடுப்பில் சொருகியிருந்த துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து, முறுக்கைத் திருகித் திருகி அறுத்தார். மூடி திறந்தது. உருகின நெய்யின் வாசம் பஸ் முழுக்க எழுந்தது.

அதிகாரி ஏறி வந்தார். தூக்கை வாங்கி முகர்ந்தார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். திரும்ப என் கையில் கொடுத்தார். அப்புறம் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வலது உள்ளங்கையைக் குழித்து என் முன்னால் நீட்டினார். எனக்குப் புரியவில்லை.

"கதிர்காமத்துக்குப் போற நெய்தானே" என்றார் நானா. "ஒரு சொட்டு ஊத்துங்க."

ஊற்றினேன். அவர் அதை நெற்றியில் தொட்டு, தலையில் தடவிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஜனங்கள் திரும்ப ஏறினார்கள். ஒன்றேகால் மணி நேரம் அவர்களை வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். அடிப்பார்கள், திட்டுவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். குழந்தையோடு ஓடின அந்தப் பெண் ஒற்றைச் செருப்போடு வந்தாள். மற்றதைத் தேடி எடுத்து அவள் காலடியில் வைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, நான் இடம் பிடித்த அதே மூன்றாவது சீட்டில், ஜன்னலோரமாக உட்கார வைத்தாள். கண்டக்டர் தன்னுடைய தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். மணி இரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. அம்மா மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

நானா ஜன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளிருந்து கை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் மதுரைக்கு வந்தா எனக்கொரு துண்டு போடுங்க தம்பி. இனி நிக்க ஏலாது" என்றார்.

பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் அம்மா வாயைத் திறந்தாள். "படிச்ச புள்ளன்னு ஒன்னைய நம்பி இம்புட்டுத் தூரம் வந்தேன். ஒனக்கு பஸ்ல ஏறத் தெரியல."

"வாய மூடிட்டு வாம்மா."

"நான் எதுக்கு மூடணும்? ஒனக்குத்தான் அங்க மூடிக்கிச்சு."

முன் சீட்டில் இருந்த தமிழ்க் குடும்பம் சிரிக்க, அவர்கள் சொல்லிச் சிங்களக் குடும்பமும் சிரிக்க, புளியோதரைப் பொட்டலம் பஸ்ஸில் பின்சீட்டு வரை போய்க் காலியாகத் திரும்பி வந்தது. பதிலுக்கு வாழைப்பழமும், பெயர் தெரியாத ஒரு பலகாரமும் எங்கள் மடியில் நிறைந்தன.

அம்மா நடந்து வருவதாகத்தானே நேர்ந்திருந்தாள்? அதனால் கதிர்காமத்துக்கு முன்னால் வருகிற திஸ்ஸமகாராமையில் இறங்கிவிட்டோம். ஒரு வீட்டார் தங்கள் கூடத்தில் பாய் போட்டுக் கொடுத்தார்கள். விடிந்ததும் கதிர்காமத்துக்கு நடந்தோம். வழியில் முன்பின் தெரியாதவர்கள் எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தார்கள். அம்மா ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அங்கே சந்நிதியில் திரைக்குத்தான் பூசை. அந்தத் திரைக்கு முன்னால், எங்கள் வீட்டு நெய்யில் விளக்கு எரிந்தது. அம்மா எதுவும் கேட்கவில்லை. "வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று முதல் இன்று வரை அவளுக்கு வலிப்பு வரவில்லை. மாத்திரையையும் நிறுத்தவில்லை. டாக்டரையும் முருகன்தான் கொடுத்தான் என்பது அவள் கட்சி.

என்னிடம் மாறினது என்ன என்று கேட்டால், முன்பெல்லாம் பஸ் நிலையத்தில் பாஷை தெரியாமல் முழிக்கிறவர்களைப் பார்த்தால் ஒதுங்கிப் போவேன். இப்போது நானே போய்க் கேட்கிறேன். எந்த ஊர், எங்கே போக வேண்டும், பணம் இருக்கிறதா என்று. போன மாதம் ஒரு வடநாட்டுக் குடும்பத்தை ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அவர்கள் பேசினது எனக்குப் பாதி புரியவில்லை. அவர்கள் எந்தச் சாமியைக் கூப்பிட்டார்களோ, அவன் என்னை அனுப்பியிருக்கிறான்.

அன்பர்களே, கஷ்டம் வந்தால் முருகனைக் கேளுங்கள். அழகாகக் கேட்கத் தெரியவில்லை என்று தயங்காதீர்கள். நான் கேட்டது ஒரே வரி. அனுப்பு என்றேன், அனுப்பினான். ஆனால் வருகிறவர் நம் ஊர்க்காரராக, நம் சாமியைக் கும்பிடுகிறவராக இருப்பார் என்று மட்டும் எதிர்பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். எதிரில் நிற்கிறவரைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

வெளிநாட்டுக்குப் போக லட்சம் லட்சமாக வேண்டும் என்று நம் குழுவில் நிறையப் பேர் நினைக்கிறீர்கள். எம்புட்டு ஆச்சு என்று கேட்காதவர் இல்லை. அந்தப் பஸ்ஸில் இருந்தவர்களின் ஒன்றேகால் மணி நேரத்துக்கும், கத்தரிக்கோலோடு என் பக்கத்தில் ஒருவர் நடந்து வந்ததற்கும் கணக்குப் போட எனக்குத் தெரியாது. பாஸ்போர்ட், விமானம், பஸ், அறை, சாப்பாடு, கிழிந்த சட்டைக்குப் பதில் வாங்கின புதுச் சட்டை, எல்லாம் சேர்த்து எங்கள் இரண்டு பேருக்கும் ஆனது பதினாறாயிரத்து எண்ணூற்று எழுபது ரூபாய்.